நயினை அம்மாளின் அயலில்

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நயினாதீவுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் காலைப் படகில் வந்து, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, மடத்தில் சாப்பிட்டு, பௌத்தர்களின் நாகவிகாரையையும் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். வவுனியாவில் பிறந்து வளர்ந்த நானும் சின்ன வயதில் அம்மா அப்பாவோடு அப்படித்தான் வந்து போயிருக்கிறேன். ஆசிரியர் இடமாற்றத்தில் இந்தத் தீவுக்கே வந்து குடியிருக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கடைசிப் படகுக்குப் பிறகும் இங்கே ஒரு கோயில் இருக்கிறது என்பது தெரிந்தது. ஊர்க்காரர்கள் அம்மாளை வீட்டுக்கு மூத்தவளாக வைத்திருக்கிறார்கள். காணி விற்பது, பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குப் படிக்க அனுப்புவது, புது வலை இறக்குவது எதுவானாலும் அவளிடம் சொல்லாமல் நடப்பதில்லை.

வழி சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளையும் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிகளையும் தாண்டி வந்தால் குறிகட்டுவான் இறங்குதுறை. சுமார் 35 கிலோமீற்றர். அங்கிருந்து படகில் இருபது நிமிடம் போலக் கடல். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு படகின் வயிற்றுக்குள் இறங்கி உட்கார வேண்டும்.

அந்த இருபது நிமிடத்தில்தான் தீவு வாழ்க்கை முழுவதும் தங்கியிருக்கிறது. அரிசி, மாவு, சீமெந்து, மருந்து, பாடப்புத்தகம், கோயிலுக்குப் பூ, எல்லாமே படகில்தான் வரவேண்டும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று எழும்பினால் படகு மூக்கால் குத்திக்குத்திப் போகும். மார்கழியில் வாடை அடித்தால் அது வேறு விதமான குளிர். குளத்தையும் வயலையும் பார்த்து வளர்ந்த எனக்குக் காற்றுக்கு இத்தனை பெயர் இருக்கும் என்றே தெரியாது. இப்போது காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வாசல் தென்னோலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான்.

அடுத்தது தண்ணீர். கிணறுகள் பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீரைத் தனியாகக் குடத்தில் பிடித்து வைப்பார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டு ஆச்சி வந்த அன்றே சொன்னார்: "பிள்ளை, குளிக்கிற தண்ணி வெளியிலை. இந்தக் குடத்திலை இருக்கிறது குடிக்கிறதுக்கும் சாமிக்கும்." தாகத்துக்கும் தெய்வத்துக்கும் ஒரே குடம். மனதில் அப்படியே பதிந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்து அம்மாள் படத்துக்கு முன் வைப்பார். பிறகு அந்தத் தண்ணீரை நாங்கள்தான் குடிப்போம். சொட்டும் வீணாகாது.

வந்த புதிதில் என் வேண்டுதல் ஒன்றுதான்: சீக்கிரம் வவுனியாவுக்கு மாற்றம் கிடைக்க வேண்டும். விடுமுறைக்கு விடுமுறைதான் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் பார்க்க முடிந்தது. பள்ளிக்கூடம் முடிந்தால் மாலை நீளமாகக் கிடக்கும். அதனால்தான் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன்; பக்தி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். பகலில் ஆட்கள் நெருக்கும் பிரகாரம் மாலையில் ஊர்ச் சனத்தோடு மட்டும் இருக்கும். கருவறையில் நாகம் படமெடுத்து நிற்க, அம்மாளின் முகத்தில் விளக்கொளி படும். பூசை முடிந்து வீபூதி வாங்கியதும் யாரும் உடனே எழும்பிப் போவதில்லை. வெளி வீதி மணலில் உட்கார்ந்து கதைப்பார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருடைய வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை, எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்று எல்லாச் செய்தியும் அங்கேதான் வரும். கேட்டுவிட்டு மறுநாள் அம்மாளுக்கு முன் நின்றால், என்னையறியாமல் அந்தப் பெயர்கள்தான் வாயில் வந்தன. என் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பன் காற்றுக்குள் கடலில் நின்ற இரவில் நானும் அவன் தாயோடு வாசலில் இருந்தேன். விடியற்காலையில் அவர் வந்து சேர்ந்தார். அன்று இடமாற்ற விண்ணப்பம் என் நினைவிலேயே இல்லை.

தலக்கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பக்கத்துப் புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் வாயில் பூவைக் கௌவிக்கொண்டு நீந்தி வந்து அம்மாளைப் பூசித்து வந்ததாம். ஒருநாள் கருடன் அதைக் கொல்ல வர, நாகம் கடலிலிருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. எதிர்க் கல்லில் கருடன் காத்து நின்றது. அந்த வழியால் கப்பலில் வந்த சோழநாட்டு வணிகர் ஒருவர் நாகத்துக்காகக் கருடனிடம் இரந்து கேட்டார். அம்மாளுக்குக் கோயில் கட்டினால் விடுகிறேன் என்றது கருடன். அவர் தன் செல்வத்தைக் கொட்டிக் கட்டினார். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று கடலோரத்தில் இன்றும் காட்டுவார்கள். கரையில் நின்று அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் வணிகரை விட நாகத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். ஒரு பூவுக்காகத் தினமும் கடல் கடந்து வந்திருக்கிறது. வெயில் காலத்தில் இங்கே பூ அருமை. குறிகட்டுவான் படகில் மடியில் தாமரைப் பையை நசுங்காமல் பிடித்துக்கொண்டு வரும் பெண்களைப் பார்த்தால் அந்தக் கதை பழையதாகவே தோன்றாது.

கோயில் வளாகத்தில் பொலநறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு, 12ஆம் நூற்றாண்டு. வருபவர்களில் பலர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கும் பிறநாட்டு வணிகரைக் காப்பது பற்றியும், கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பது பற்றியும் அதில் எழுதியிருக்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. என் மாணவர்களைக் கூட்டிப்போய் இதைச் சொன்னபோது, "ரீச்சர், யானை படகிலை எங்கை இருந்திருக்கும்?" என்று கேட்டது ஒரு பிள்ளை. மீன்பிடிக்காரர் வீட்டுப் பையன் வேறு கேள்வி கேட்டான்: "கடலிலை போனவைக்கு அரசாங்கம் என்ன குடுத்தது?" கல்வெட்டில் அதற்கு விடை இல்லை. ஆனால் இந்தத் தீவில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது.

1620இல் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்தார்கள். அம்மாளின் திருவுருவை மரப்பொந்தில் மறைத்து வைத்து ஊரார் வணங்கிவந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1788இல் கோயில் மீண்டும் எழுந்தது. 1958இலும் 1986இலும் மறுபடியும் சேதப்பட்டது. கடலிலிருந்தே தெரியும் 108 அடி இராசகோபுரம் 2012இல் குடமுழுக்குக் கண்டது. ஆச்சிக்கு இவற்றில் பின்னையவை எல்லாம் கண்ணால் கண்டவை. கேட்டால் அதிகம் சொல்லமாட்டார். "அம்மாள் இருக்கிறா, நாங்களும் இருக்கிறம்" என்பார், அவ்வளவுதான்.

இனி அன்னதானம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. மணிமேகலைக் காப்பியத்தில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் கிடைக்கும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. அதனால் அன்னதான மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. வரிசையாகத் தரையில் உட்கார வைத்துச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி என்று பரிமாறுவார்கள். யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்ற கேள்வி இல்லை. தெற்கிலிருந்து வெள்ளை உடையில் விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டவர்களுக்கு அது ஒரு நேரச் சோறு. சமைக்கும் பக்கம் போனால்தான், ஒவ்வொரு அரிசி மூட்டையும் லொறியிலிருந்து படகுக்கு, படகிலிருந்து இறங்குதுறைக்கு, அங்கிருந்து மடத்துக்கு என்று எத்தனை தோள் மாறி வந்திருக்கிறது என்பது விளங்கும். சனிக்கிழமைகளில் நானும் காய் வெட்டப் போகத் தொடங்கினேன். முதலில் பெண்கள் கொஞ்சம் விலகித்தான் இருந்தார்கள். "ரீச்சருக்கேன் சிரமம்" என்று கதிரையை இழுத்துப் போட்டார்கள். நான் கதிரையை ஓரமாக வைத்துவிட்டு அருவாளை எடுத்து நிலத்தில் அமர்ந்தேன். பூசணிக்காய் வெட்டுவது எளிதான வேலை இல்லை; கை காய்த்துவிடும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ரீச்சர் என்பது போய்ப் பிள்ளை என்றாகிவிட்டது. அப்புறம் என் வீட்டுக்காரர் வந்தபோது அவருக்கும் ஒரு அருவாள் கொடுத்தார்கள்.

கோயிலிலிருந்து தெற்கே நடக்கும் தூரத்தில் நாகவிகாரை. இரண்டு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து சமாதானம் செய்ததாக மகாவம்சம் சொல்லும் இடம் இது என்று பௌத்தர்கள் வணங்குகிறார்கள். அங்கும் நாகம், இங்கும் நாகம். அங்கும் ஒரு சண்டையைத் தீர்க்க வந்தவர், இங்கும் அப்படி ஒருவர். தீவில் பள்ளிவாசலும் உண்டு, அங்கே தொழும் குடும்பங்களின் பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள். போர்க்காலத்தைக் கண்டவர்களுக்கு இவற்றைப் பற்றி இலேசாகப் பேச முடியாது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் படகுக்குள் எல்லோரும் முழங்கால் இடிக்க ஒரே பலகையில்தான் உட்காருகிறோம்.

ஆனி மாதம் கொடியேறினால் ஊரின் முகமே மாறிவிடும். எங்கள் ஒழுங்கையில் மீன் வாசனையே இருக்காது, எல்லா வீட்டிலும் மரக்கறிதான். ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று போனவர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்குவார்கள். பூட்டிக்கிடந்த வீடுகளில் விளக்கு எரியும். கிணற்றடியில் வரிசை நிற்கும். ஆச்சி தன் கட்டிலை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு விறாந்தையில் பாய் போட்டுக்கொள்வார். தேர் அன்று வெயில் ஏறுவதற்குள் வீதியில் கால் வைக்க இடம் இராது. ஆண்கள் ஈர வேட்டியோடு உருண்டு பிரதட்டை போட, பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டும் கற்பூரச் சட்டி ஏந்தியும் தேரின் பின்னால் வருவார்கள். மணல் சுடாமல் இருக்கப் பொடியன்கள் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓடுவார்கள். உவர்த் தண்ணீர்தான், ஆனால் அந்த ஈரத்தில் முழங்கால் பதித்து எழும்புகிற தாய்மாரைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். வடம் பிடித்தபோது எனக்கு முன்னால் ஒரு கனடாப் பையன், பின்னால் என் வகுப்புப் பிள்ளையின் பாட்டியார்.

வரும் திருவிழாவுக்கு எங்கள் பிள்ளைகள் கிழக்கு வீதியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடக் கேட்டிருக்கிறார்கள். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பதாக முடிவு. பந்தலுக்குக் கிடுகு ஊரிலேயே கிடைக்கும். தேசிக்காயும் சர்க்கரையும் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும், நல்ல தண்ணீருக்கு ஆச்சி ஆள் பிடித்திருக்கிறார். திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஒரு மூட்டை அரிசியோ பத்துத் தேசிக்காயோ கையோடு கொண்டு வாருங்கள். சோளகக் காலம், படகில் பொதி நனையும். பொலித்தீனில் நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள்.