நிறத்தை விடுங்க, துளையை எண்ணுங்க

மேற்குத் தொடர்ச்சி மலையில நெமாஸ்பிஸ்ங்குற பேரினத்துச் சின்னப் பல்லியைப் படம் எடுத்துப் போட்டு "புது இனமா?"ன்னு கேக்குறாங்க. படத்தை மட்டும் வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. நிறம் ஆணுக்கும் பெண்ணுக்குமே மாறும்; ஆல்கஹால்ல போட்டா வெளுத்துடும்.

முதல்ல வளர்ந்த ஆண் வேணும். தொடையிலயும் ஆசனவாய்க்கு முன்னாடியும் இருக்குற துளைகள் இந்தப் பேரினத்துல ஆணுக்குத்தான் உண்டு. எத்தனை துளை, நடுவுல எத்தனை செதில் இடைவெளின்னு லென்ஸ் வெச்சு எண்ணணும். பின்னங்கால் நாலாம் விரலுக்கு அடியில இருக்குற தகடுகளும் முக்கியம். அறுந்து முளைச்ச வாலை நம்பக் கூடாது, செதில் அமைப்பே வேற.

மரபணுவுக்குத் திசுவை ஃபார்மலின் (உடலைக் கெடாம வைக்குற திரவம்) படுறதுக்கு முன்னாடியே எடுத்து, கலப்பில்லாத எத்தனால்ல போடணும். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துடும். வழக்கமா பாக்குறது மைட்டோகாண்ட்ரியாவோட என்டி2 மரபணு, சுமார் 1,040 டிஎன்ஏ எழுத்து நீளம். அதே மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குற 16எஸ்ங்குற மரபணு மெதுவா மாறும், நெருங்கின இனங்களைப் பிரிக்கத் திணறும். "இத்தனை சதவீதம் வித்தியாசம்னா தனி இனம்"னு சட்டம் ஒண்ணும் கிடையாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும்தான் காட்டும். ரெண்டு இனத்துக்கு நடுவுல கலப்பு நடந்திருந்தா ஏமாத்தும். அதனால உட்கரு மரபணுவும் ஒண்ணு ரெண்டு பாக்குறது நல்லது.

பெரிய சறுக்கல் ஒப்பீட்டுலதான். பழைய இனம் முதல்ல விவரிக்கப்பட்ட அதே இடத்துல எடுத்த பல்லியோட ஒப்பிடாம விட்டா, ஏற்கெனவே பேர் இருக்குற பல்லிக்கே இன்னொரு பேர் வெச்சுடுவோம்.

ஆமா, வனத்துறை அனுமதி இல்லாம எதையும் பிடிக்காதீங்க.