தம்பி சொல்லட்டும்: ஃப்ரீமான்ட் நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 3

செல்ஃப் டிடர்மினேஷன் புரோகிராம், அதாவது உதவி பெறுபவரே தன் உதவியை முடிவு செய்யும் திட்டம், அதற்கான அறிமுக வகுப்பு இன்று ஆன்லைனில் முடிந்தது. இதை முடிக்காமல் சேர முடியாது. தம்பி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் மகனுக்கு அடுத்த மாதம் 22 வயது. கலிஃபோர்னியாவில் சிறப்புக் கல்வி 22 வரைதான். ஜூன் மாதத்தோடு காலையில் வரும் பள்ளி பஸ் நின்றுவிடும். அதற்கப்புறம் பகல் முழுக்க அவன் என்ன செய்வான் என்ற கேள்வியோடுதான் இரண்டு வருடமாகத் தூங்கி எழுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்கிறேன். 1969-இல் வந்த லாண்டர்மன் சட்டம், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் உதவி பெறுவதை இங்கே உரிமையாகவே ஆக்கிவிட்டது. அதை நடத்திக் கொடுக்க மாநிலம் முழுக்க 21 ரீஜனல் சென்டர்கள் இருக்கின்றன. வழக்கமான ஏற்பாட்டில், தன்னிடம் பதிவு செய்த நிறுவனத்துக்கு சென்டர் பணம் கொடுக்கும், நிறுவனம் ஆள் அனுப்பும். யார் வருவது, எப்போது வருவது எல்லாம் அவர்கள் கையில். நாலு வருடத்தில் ஒன்பது பேர் வந்து போனார்கள். பேச்சு அதிகம் இல்லாத பிள்ளை, ஒரு முகத்துக்குப் பழகவே அவனுக்கு ஒரு மாதம் ஆகும். பழகி முடிக்கும்போது அந்த ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இந்தத் திட்டத்தில் அந்தப் பணம் ஒரு வருட பட்ஜெட்டாகத் தம்பி பெயரில் நிற்கும். யாரை வைத்துக்கொள்வது, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்பதை அவன் முடிவு செய்யலாம். சட்டம் 2013-இல் வந்தது. மத்திய அரசு ஒப்புதல் தர 2018 ஆகிவிட்டது. முதல் கட்டமாக 2,500 பேர், அதுவும் குலுக்கலில். தம்பி பெயரையும் கொடுத்திருந்தோம், விழவில்லை. 2021 ஜூலையிலிருந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்தச் சமயம் ஊரில் மாமா காலமாகி, வீடே நிலைகுலைந்து கிடந்தது. இப்போதுதான் கை வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

தம்பிக்கான திட்டம் போடும் கூட்டம் எங்கள் ஹாலில் நடந்தது. ஃபெசிலிடேட்டராக, அதாவது திட்டம் போட வழிகாட்டுபவராக, நாங்கள் அமர்த்திய அம்மாவின் மகளும் இதே திட்டத்தில்தான் இருக்கிறாள். சுவர் முழுக்க வெள்ளைத் தாளை ஒட்டி, நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் அவனுக்கு என்ன பிடிக்கும், இன்னொரு பக்கம் அவன் நலத்துக்கு என்ன தேவை. இரண்டாவது பக்கத்தை நாங்கள் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டோம். வலிப்பு மாத்திரை, சாலை கடப்பது, பல் டாக்டர்.

முதல் பக்கத்துக்காக முப்பது போட்டோ எடுத்து வைத்திருந்தேன். தம்பி ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினான். ரயில் படத்தை உடனே ஒட்டினான். மாவு அரைக்கும் கிரைண்டர் படத்தை ஒட்டி, உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தினான். அடுத்து கீபோர்டு படம். எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். குப்பைக்கூடை மூடியைத் திறந்து, உள்ளே போட்டு, மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நாலு வருடம் சனிக்கிழமை தவறாமல் கீபோர்டு இசை வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அழாமல் உட்கார்ந்திருந்தான், அதனால் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு யாரும் ஒரு வழி வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இரவெல்லாம் அந்த மூடிச் சத்தம்தான் காதில்.

ஏப்ரல் 18

பட்ஜெட் கூட்டம். கடந்த 12 மாதத்தில் ரீஜனல் சென்டர் அவனுக்காக எவ்வளவு செலவு செய்தது என்பதுதான் ஆரம்பக் கணக்கு. வந்த தொகையைப் பார்த்து என் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. காரணம் எளிது: பகல் முழுக்க அவன் பள்ளியில் இருந்தான், அந்தச் செலவு பள்ளியுடையது. சென்டர் கொடுத்தது எங்களுக்கு ஓய்வு தரும் மாலை நேர ஆள் மட்டும்.

பிள்ளை பள்ளியை முடிக்கும் வருடத்தில் சேர்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நிலைமை மாறினாலோ, தேவை ஒன்று நிறைவேறாமல் இருந்தாலோ அந்தத் தொகையைத் திருத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பள்ளி முடிவது பெரிய மாற்றம். இந்தத் திட்டம் இல்லாவிட்டால் அவன் பெரியவர்களுக்கான பகல் நேர மையம் ஒன்றுக்கு, டே புரோகிராமுக்கு, போயிருப்பான், அதற்குச் சென்டர் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று கேட்டு, அதைச் சேர்க்கச் சொன்னோம். மூன்று கூட்டம் ஆயிற்று. சேர்த்தார்கள். முதலில் காட்டிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

மே 25

ஆள் தேர்வு. மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் எல்லாக் கேள்வியையும் என்னிடமே கேட்டார். இரண்டாமவர் தமிழ் பேசும் பெண், பத்து வருட அனுபவம், எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மூன்றாவது, காலேஜில் படிக்கும் பையன். தம்பி மேஜையில் ஸ்பூன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பையன் எதிரே உட்கார்ந்தான், பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்பூனை மட்டும் தம்பி பக்கம் மெல்ல நகர்த்தினான். தம்பி அதை எடுத்து வரிசையில் வைத்தான். அப்புறம் இன்னொன்று. இப்படியே ஆறேழு நிமிடம்.

பிறகு தம்பி எழுந்து வாசலுக்குப் போனான். அந்தப் பையனுடைய ஷூவை எடுத்துத் தன் ஷூவுக்குப் பக்கத்தில், நுனி நுனியாகச் சேர்த்து வைத்தான்.

நான் இரண்டாமவரின் அனுபவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர்தான் நிறுத்தினார். “அவன் சொல்லிட்டான்மா.”

தம்பிக்கு 18 ஆனபோது, கோர்ட்டுக்குப் போய், அவனுக்குப் பதிலாக முடிவெடுக்கும் பாதுகாவலர் உரிமை வாங்கிவிடு என்று சொல்லாத ஆள் இல்லை. வாங்கவில்லை. நம்பிக்கையானவர்களின் துணையோடு ஒருவர் தானே முடிவெடுப்பதை 2023-இலிருந்து இந்த மாநிலச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் எனக்கு அது இன்று அந்த ஷூ ஜோடியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

ஜூலை 1

கைரேகைச் சோதனை முடிந்து பையன் இன்று வேலைக்கு வந்துவிட்டான். பட்ஜெட் பணம் எங்கள் கைக்கு வராது. எஃப்எம்எஸ் என்கிற நிதி நிர்வாக நிறுவனம்தான் சம்பளம் போடும், வரி பிடிக்கும். நாங்கள் அவர்களோடு சேர்ந்து முதலாளி. மதுரையிலிருந்து அத்தை போனில் கேட்டார்: “ஏம்மா, அப்ப எம் பேரன் ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்குறானா?” ஆமாம் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அழுகிறார் என்று புரிந்தது.

ஜூலை 27

முதல் சம்பளம் பையனுக்கு வரவில்லை. டைம்ஷீட்டில் ஒரு சேவைக் குறியீடு பொருந்தவில்லையாம். மூன்று நாள் போன், ஆளாளுக்கு ஒரு பதில். வாடகை கட்டவேண்டிய பையன், ஒரு வார்த்தை கோபமாகப் பேசாமல் தினமும் வந்தான். வெட்கமாக இருந்தது. முதலாளி என்ற சொல்லின் கனம் இப்போதுதான் தெரிகிறது. பதினோராம் நாள் பணம் வந்தது. டைம்ஷீட்டை இனி வாரக்கடைசியில் நானே உட்கார்ந்து சரிபார்ப்பேன்.

ஆகஸ்ட் 17

பார்ட் ரயில் இப்போது வாரம் இரண்டு முறை. எங்கே இறங்குவது என்பது தம்பி முடிவு. கொலிசியம் ஸ்டேஷனில்தான் இறங்குகிறான். ஏன் என்று தெரியாமல் இருந்தது, பையன் கண்டுபிடித்தான். அங்கிருந்து ஓக்லாண்ட் விமான நிலையத்துக்குப் போகும் சின்ன ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, கேபிள் இழுத்துப் போகிறது. முன்கண்ணாடியை ஒட்டி நின்றால் தண்டவாளம் நேராகத் தன்னை நோக்கி வரும். போய்விட்டு, அதே ரயிலில் திரும்பி, வீடு. டிக்கெட்டுக்கான கிளிப்பர் கார்டைத் தானே தட்டுகிறான்.

செப்டம்பர் 21

பையனை இன்னும் கூடுதல் நேரம் வைக்க வேண்டும் என்று தோன்றியது. பட்ஜெட்டின் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு வருடத்துக்கு 10 சதவீதம் வரை சென்டரின் அனுமதி இல்லாமலே மாற்றலாம். மாற்றிவிட்டோம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் கூடியிருக்கிறது.

இன்று ரயில் நாள். கிளம்பும் நேரத்தில் தம்பி டேப்லெட்டில் கிரைண்டர் படத்தைத் தொட்டானாம். பையன் மறுபடி ரயிலைக் காட்டியிருக்கிறான், இவன் மறுபடி கிரைண்டர். சரி என்று இருவரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நான் கடையிலிருந்து வந்தபோது மாவு வழித்து பாத்திரத்தில் இருந்தது. உளுந்து நுரைத்து நன்றாக வந்திருந்தது. உப்பு மட்டும் போடவில்லை. போடலாம் என்று கை நீட்டினேன். தம்பி ஜாடியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். கை நிறைய அள்ளினான், பாதியைத் திரும்ப ஜாடியில் போட்டான், மீதியை மாவில் போட்டு முழங்கை வரை விட்டுக் கலக்கினான்.