ஓவரா, அபவா?

ஆங்கிலத்தில் இன் (in), ஆன் (on), அட் (at) மூன்றையும் ஒருவழியாகச் சமாளித்துவிடுகிறவர்கள்கூட ஓவர் (over), அபவ் (above) வந்ததும் திணறுகிறார்கள். திணறத்தான் செய்யும், நமக்கு எல்லாமே 'மேலே'தானே? மேசைமேல் புத்தகம், மேசைக்கு மேலே விளக்கு, கடல்மட்டத்துக்கு மேலே மலை. இதற்கு விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. இரண்டு பொருள்களும் எப்படி இருக்கின்றன என்று கண்ணை மூடிப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடும்.

முதலில், ஒன்றையொன்று தொடுகிறதா? தொட்டால் பெரும்பாலும் ஆன். இதில் மேல் கீழ் என்பதுகூட முக்கியமில்லை, கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் ஈயும் 'ஆன் தி சீலிங்'தான்.

தொடவில்லை என்றால்தான் ஓவர், அபவ் குழப்பமே. நேர் மேலே தொங்கும் விளக்குக்கு இரண்டுமே சரி, தயங்காமல் எதையும் எழுதலாம். ஆனால் ஒன்றை மூடுவதோ கடப்பதோ வந்துவிட்டால் ஓவர்தான்: ஆற்றைக் கடக்கிற பாலம், மதிலைத் தாண்டுகிற பூனை, தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிடுகிற போர்வை. (போர்வை தொடுகிறதே, ஆன் வராதா என்று கேட்டால், வரும். ஆனால் மூடியிருப்பதைச் சொல்லவேண்டுமானால் ஓவர்.) அபவ் உயரத்தை மட்டும் பார்க்கிற சொல், நேர் மேலே இருக்கவேண்டிய கட்டாயமில்லை. எவரெஸ்ட் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8,849 மீட்டர், அங்கே அபவ்தான் வரும், அந்த மலைக்கு அடியில் கடலா இருக்கிறது? ஏரிக்கு மேட்டில் இருக்கும் ஊரும் அப்படித்தான், அபவ் என்றால் கரைக்கு மேலே எங்கோ சரிவில் இருக்கிறது, ஓவர் என்று எழுதினால் ஊரே தண்ணீருக்கு நேர் மேலே அந்தரத்தில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

எண்களிலும் இதே கதை. ஆட்களின் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் ஓவர், வெப்பநிலைக்கு அபவ், ஏனென்றால் அது ஏறி இறங்குகிற அளவுகோல்.

அப்புறம் 'கீழே' என்பதற்கு வரும் அண்டர் (under), பிலோ (below). மேலே சொன்னதை அப்படியே கவிழ்த்துப் போட்டால் போதும். சாக்கடலின் கரை கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே, ஆகவே பிலோ. போர்வைக்குள் ஒளிந்திருக்கும் குழந்தை அண்டர். பினீத் (beneath) என்பதும் 'கீழே'தான், பேச்சில் அதிகம் வராது, இப்போதைக்கு விட்டுவிடலாம். கட்டுரையில் 'கீழே பார்க்க' என்பதற்குப் பிலோ போடுங்கள், 'இந்தத் தலைப்பின் கீழ்' என்றால் மட்டும் அண்டர்.