ஒரு கப்பு, நாலு பயணம், இரண்டு சிலிண்டர்

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. பாஸ். டிப்ளமோ மெக்கானிக்கலில் மிச்சமிருந்த ஒரே கப்பு, அதாவது அரியர், காற்றையும் எண்ணெயையும் அழுத்தி வேலை வாங்கும் ஃப்ளூயிட் பவர் லேப், இரண்டு வருஷம் கழித்து ஒருவழியாகத் தொலைந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹைட்ராலிக் பிரஸ் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறவன் நான். எண்ணெய் சூடேறினால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். இந்த லட்சணத்தில் எனக்கு அந்த லேப்பில்தான் அரியர் என்றால் ஷிஃப்டில் சிரிக்காத ஆள் இல்லை.

முதல் முறை எழுதியபோது எனக்கு வந்த கேள்விச் சீட்டு: காற்றில் ஓடும் இரண்டு சிலிண்டர், ஏ+ பி+ பி- ஏ-. அதாவது ஏ வெளியே, பி வெளியே, பி உள்ளே, ஏ உள்ளே, இதே வரிசையில். மனப்பாடம் செய்த மாதிரி எல்லா டியூபையும் மாட்டிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். ஏ சிலிண்டர் அசையவே இல்லை. எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பத்து நிமிஷம் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார். ஏன் அசையவில்லை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தத் தடவை விண்ணப்பம் போடுவதில் ஆரம்பித்தது வினை. முதலில் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன். "ஃபீஸ் கட்டினா போதும், வாங்க" என்றார் கிளார்க். நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்தில் தலை ஜன்னலில் மோத மோதத் தூங்கி, சேலம் பக்கமிருக்கும் எங்கள் பாலிடெக்னிக் வாசலில் இறங்கினேன்.

"பிராக்டிகல் அரியரா? ஃபார்ம்ல எச்.ஓ.டி. கையெழுத்து வேணுமே தம்பி."

"சார், போன்ல ஃபீஸ் மட்டும் போதும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

சொன்னவர் அவரேதான். குரல் நன்றாகத் தெரிந்தது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய துறைத் தலைவரும் அன்றைக்கு லீவு. "நாளைக்கு வாங்களேன்" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாவது பயணத்தில் எச்.ஓ.டி. இருந்தார். ஃபார்மை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டு எங்கே?" என்று கேட்டார். லேப்பில் செய்த எக்ஸ்பெரிமென்ட்களை எழுதிய பழைய ரெக்கார்டு நோட்டை அப்போதே ஒரு ஜூனியர் கேட்டு வாங்கிப் போனான். அவன் அதை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அந்த இன்னொருத்தன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. இவனே எழுதியதுதான் என்ற பொனஃபைட் கையெழுத்துள்ள ரெக்கார்டு இல்லாமல் எக்ஸ்டர்னல் உள்ளேயே விடமாட்டார், புதிதாக எழுதிக்கொண்டு வா என்று ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரியர் வைத்திருக்கும் தம்பிகளே, ரெக்கார்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

பத்து எக்ஸ்பெரிமென்ட். ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, தரையில் நியூஸ்பேப்பர் விரித்து, நாலு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது பயணத்தில் அதை லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் முதலில் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டியதுமே, "என்ன தம்பி, நியூமேடிக்ஸ்ல எண்ணெய் ஊத்தி வெச்சிருக்க?" என்றார். புரியவில்லை. நியூமேடிக்ஸ் என்றால் காற்று. வால்வை மாற்றும் காற்றுச் சிக்னலுக்கு, அதாவது பைலட் சிக்னலுக்கு, வரையும் சின்ன முக்கோணத்தை எல்லாப் படத்திலும் கறுப்பாக நிரப்பி வைத்திருந்தேன். ஐ.எஸ்.ஓ. 1219 குறியீட்டில் நிரப்பிய முக்கோணம் ஹைட்ராலிக்குக்கு, வெற்று முக்கோணம் காற்றுக்கு. எக்ஸ்டர்னல் முதலில் பார்ப்பதே அதைத்தானாம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். பென்சிலை அழுத்தித் தீட்டியிருந்ததால், ரப்பர் தேய்த்துப் பக்கமே சாம்பல் பூத்துப் போனது. அப்படியேதான் கையெழுத்து வாங்கினேன். ஃபீஸும் அன்றைக்கே கட்டியாகிவிட்டது.

அந்த அண்ணன் இல்லையென்றால் இந்தப் பதிவே இல்லை. சாயங்காலம் லேப்பைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வால்வும் சிலிண்டரும் மாட்டிய பேனலைத் திறந்துவிட்டார். அதுவரை நண்பனின் லேப்டாப்பில் ஃப்ளூயிட்சிம் என்ற சிமுலேஷன் சாஃப்ட்வேர் போட்டுத்தான் பழகியிருந்தேன். அதில் எந்த டியூபும் கழன்றுகொள்ளாது, எந்த ஜாயின்டிலும் காற்றுக் கசியாது. உண்மையான பேனலில் பாதி நேரம் அந்த இரண்டோடுதான் மல்லுக்கட்டு. டியூபைச் சாய்வாக வெட்டினால் ஃபிட்டிங்குக்குள் சரியாக உட்காராது, உஸ்ஸென்று ஊதும். பிளேடால் நேராக வெட்ட வேண்டும். கழற்றும்போது நீல வளையத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும், சும்மா இழுத்தால் வராது. அதைவிட முக்கியம், காற்று ஓடும்போது டியூபைப் பிடுங்காதீர்கள். முகத்தில் சாட்டை மாதிரி அடிக்கும். காற்றை வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கி, எண்ணெய் கலக்கும் எஃப்.ஆர்.எல். பக்கத்திலிருக்கும் ஸ்லைடு வால்வை மூடினால் லைனில் இருக்கும் காற்று வெளியேறிவிடும், அப்புறம் கை வையுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏ ஏன் அசையவில்லை என்பதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் புரிந்தது. சிலிண்டர் முனைக்கு வந்ததும் அமுங்கிச் சிக்னல் கொடுப்பது லிமிட் வால்வு; 0 என்றால் உள்ளே, 1 என்றால் வெளியே. பி சிலிண்டர் உள்ளே இருக்கும்போது பி0 லிமிட் வால்வு அமுங்கியே இருக்கும். அந்த வால்வுக்கு மெயின் லைனிலிருந்து காற்றுக் கொடுத்தால், ஆரம்பத்திலேயே 'ஏ உள்ளே வா' என்ற சிக்னல் சிலிண்டருக்குக் காற்றைத் திருப்பிவிடும் 5/2 வால்வின் ஒரு முனையில் காத்திருக்கும். நாம் ஸ்டார்ட்டை அமுக்கி மறுமுனையில் 'வெளியே போ' என்கிறோம். இரண்டு பக்கமும் சம பலம். வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூல் இருந்த இடத்திலேயே நிற்கும். காஸ்கேட் என்ற முறையில் அதனால்தான் வரிசையை ஏ+ பி+ ஒரு குரூப், பி- ஏ- ஒரு குரூப் என்று பிரித்து, நடுவில் இன்னொரு 5/2 வால்வை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு குரூப் லைனுக்கு மட்டும் காற்று விடுகிறோம். புத்தகத்தில் இது நாலு பக்கம். அண்ணன் சொன்னது ஒரே வரி: "லிமிட் வால்வுக்குச் சோறு குரூப்லேர்ந்துதான் போடணும், மெயின்லேர்ந்து போடாதே."

பரீட்சையன்று சீட்டை எடுத்தேன். அதே ஏ+ பி+ பி- ஏ-. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

படம் சரியாக வரைந்துவிட்டேன். கனெக்‌ஷனும் முடித்தேன். ரெகுலேட்டரில் 6 பார். ஸ்டார்ட். ஏ வெளியே போனது, பி வெளியே போனது, அதோடு சரி. பி திரும்பி வரவில்லை. எக்ஸ்டர்னல் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். போன தடவையே கண்ணுக்குள் ஓடியது. அந்த நேரம் பார்த்து அடுத்த பேனலில் எவனோ டியூபைப் பாதி சொருகி வைத்திருந்தது பிய்த்துக்கொண்டு பறந்தது. எல்லாப் பேனலுக்கும் ஒரே கம்ப்ரஸர். என் கேஜ் 3 பாருக்கு இறங்கியது. எல்லோரும் வால்வை மூடுங்கள் என்று சத்தம் போட்டார்கள்.

அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குக் கிடைத்த வரம். காற்று இல்லாத பேனலில் விரலை டியூப் மேலேயே வைத்து ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தேன். பி0 சரி. பி1 சரி. ஏ1க்குப் போகும் டியூப் மட்டும் முதல் குரூப் லைனில் தொடங்காமல், மெயின் லைன் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பக்கத்து மேனிஃபோல்டிலிருந்து வந்தது. எல்லாம் ஒரே நீல டியூப், அவசரத்தில் ஒரு துளை தள்ளிச் சொருகியிருக்கிறேன். ஏ வெளியே இருக்கும்வரை ஏ1 அமுங்கியே இருக்கும். அதனால் பி+ சிக்னல் விடாமல் போய்க்கொண்டிருந்தது, பி- வந்தும் ஸ்பூலைத் தள்ள முடியவில்லை. பழைய வியாதி, வேறு இடத்தில். வளையத்தை அமுக்கி எடுத்து மாற்றிச் சொருகினேன். கேஜ் மறுபடி 6 தொட்டதும் ஸ்டார்ட். டக், டக், உஸ், உஸ். ஏ பின்னால் வந்து உட்கார்ந்த சத்தத்தை ஃபோனில் ரெக்கார்டு செய்ய முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

வாய்மொழித் தேர்வான வைவாவில், போர், அதாவது உள்விட்டம், 25 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டர் 6 பாரில் எவ்வளவு தள்ளும் என்றார் எக்ஸ்டர்னல். சுமார் 295 நியூட்டன், 30 கிலோ மாதிரி என்றேன். திரும்பும்போது? ராடு 10 மில்லிமீட்டர், அந்தப் பரப்பைக் கழித்தால் 250 நியூட்டன் பக்கம் வரும். அடுத்து, ஹைட்ராலிக் பம்ப் பிரஷரை உண்டாக்குமா என்று கேட்டார். பம்ப் ஓட்டத்தைத்தான் கொடுக்கும், எதிர்ப்பு இருந்தால்தான் பிரஷர் ஏறும், எங்கள் பிரஸ்ஸில் அழுத்தும் தண்டான ராம் சும்மா இறங்கும்போது கேஜ் தூங்கும், டையைத் தொட்டதும்தான் முள் எழும் என்றேன். நிமிர்ந்து பார்த்து, "எங்க வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். தம்பி போய் 'ங்க' வந்ததுமே தெம்பாகிவிட்டது. சாம்பல் பூத்த முக்கோணங்களைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை.

இனி மார்க் ஷீட் வாங்க வேண்டும். நேரில்தான் வரணுமாம், அதே கிளார்க் போனில் சொன்னார். எதற்கும் லேப் அண்ணனிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறப் போகிறேன்.