பழைய படத்தில் இருப்பது என்ன கார்?

1950களின் பிரிட்டிஷ் பந்தயப் படங்களில், யாரோ வீட்டுக் கொட்டகையில் கட்டிய கார் கண்ணில் பட்டால் முதலில் பாடியை மறந்துவிடுங்கள். அந்த அலுமினியத் தகட்டை அடுத்த சீசனிலேயே மாற்றியிருப்பார்கள். கீழே பாருங்கள். முன் ஆக்ஸிலுக்கு மேலே குறுக்காக ஒரே கமான் பட்டை (அதிர்வைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை), பின்னால் சேசிஸிலிருந்து, அதாவது அடிச்சட்டத்திலிருந்து, வால்போல நீளும் இரண்டு பட்டைகள் என்றால் பெரும்பாலும் ஆஸ்டின் 7தான். 1922 முதல் 1939 வரை வந்த குட்டிக் கார். 1948இல் பொறியாளர் காலின் சாப்மன் கட்டிய முதல் லோட்டஸ் காருக்கே அடித்தளம் இதுதான். ஓட்டுபவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் செயினும் தெரிகிறதா? சரி, 500 சிசி எஞ்சின் வைத்த குட்டிப் பந்தயக் கார் வகையாக இருக்கலாம்.

பக்கவாட்டில் எழுதிய பந்தய எண்ணை நம்பாதீர்கள், அது போட்டிக்குப் போட்டி மாறும். நம்பர் பிளேட் தெரிந்தால் அதிர்ஷ்டம். கார் கைமாறினாலும் பிரிட்டனில் அது பெரும்பாலும் வண்டியோடேயே போகும். ஆனால் யாராவது சரியாக அதை மறைத்துக்கொண்டு போஸ் கொடுத்திருப்பார்கள்!