அழித்து எழுத ஓர் இடம்

2008இல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக நான் சேர்ந்தபோது, ஒவ்வொரு பிள்ளையும் அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை தமிழ்நாடு முழுவதும் அப்போதுதான் பரவியிருந்தது. வகுப்பில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். கற்றல் அட்டைகள், அட்டைகளை வரிசைப்படுத்திக் காட்டும் ஏணிப்படி, குழுத் தட்டுகள் என்று ஏகப்பட்ட சாமான்கள். அட்டைகளோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் பிள்ளையின் ஏணி அங்கேயே நின்றுவிடும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கதை கேட்பதும் குறைந்துபோயிற்று.

ஆனால் கீழ்மட்டக் கரும்பலகையை ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். சுவரின் அடிப்பகுதி நெடுகக் கறுப்பு. ஆளுக்கு ஒரு கட்டம். என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு 'ழ' வசப்படவே இல்லை. நோட்டில் எழுதினால் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழும். பிறகு நோட்டை மூடிவிடுவான். சுவரில் அவனே எழுதுவான், தலையைச் சாய்த்துப் பார்ப்பான், உள்ளங்கையால் துடைப்பான், மறுபடி எழுதுவான். மதியச் சாப்பாட்டு மணிக்குள் அவன் முழங்கை வரை சுண்ணாம்பு. எத்தனை முறை தவறினான் என்பதற்குச் சாட்சியே கிடையாது.

2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். வாட்ஸப் குழு ஒன்று தொடங்கினேன். பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை கைக்குப் போகும். ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி சொல்வதெழுதுதலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஏழு பிழைகள். சிவப்பில் வட்டமிட்டுக் குழுவிலேயே திருப்பிப் போட்டேன். நல்ல வேலை செய்ததாக அன்று நினைப்பு வேறு. மூன்று வாரம் அந்த எண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. வகுப்பில் காதோடு சொல்லியிருக்கக்கூடியதை முப்பது குடும்பங்கள் பார்க்கும்படி போட்டுவிட்டேன்.

அதன்பின் வாசிப்பதைப் பதிவு செய்து எனக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன். ஒருநாள் இரவு அவளிடமிருந்து வந்தது. திறப்பதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'. மறுபடி ஒன்று, அதுவும் நீக்கம். மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் பின்னணியில் குக்கர் சத்தம் கேட்க, ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசித்திருந்தாள். கரும்பலகைப் பையனின் உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது.

2021 கடைசியில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. மாலையில் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், சுற்றிலும் இருபது பிள்ளைகள் வரை. அங்கே தவறாக வாசித்தால் தன்னார்வலர் அக்காவும் சேர்ந்து சிரிப்பாள், யாரும் குன்றிப்போனதில்லை. வீட்டில் படிக்கத் தனி அறையும் மேசையும் வேண்டும் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்பவர்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் போய்ப் பார்த்ததில்லை. நான் கேட்டது, எழுதி அழிக்க ஓர் இடம் மட்டும்.

அந்தச் சிறுமியின் அப்பா பெயின்டர். மிச்சமிருந்த கறுப்புப் பெயின்டைக் கதவின் உட்புறம் அடித்துக் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தபோது மேல்பாதியில் அம்மாவின் பால் கணக்கு, கீழ்ப்பாதியில் மகளின் கழித்தல் கணக்கு. பால் கணக்கில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாதாம்.