நீலப் புகையும் டக்-டக் சத்தமும்

என் அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குப் போர் போட்டு (தேய்ந்த சிலிண்டர் துளைகளைக் கடைந்து), பிஸ்டனும் அதைச் சுற்றிய ரிங்கும் புதிதாக மாற்றிய பிறகும் ஆயில் எரிந்து நீலப் புகையாகக் குறைவது நிற்கவில்லை; மேல்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. "ரிங் செட் ஆகட்டும் சார், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார் மெக்கானிக். புது ரிங் படியச் சிறிது காலம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் மாதக்கணக்கில் புகைந்தால் அந்தச் சமாதானம் செல்லாது.

புகை எப்போது வருகிறது என்பதுதான் முதல் தடயம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலமாகக் கக்கினால் வால்வுத் தண்டு ஓடும் கைடையும் அதன் ஆயில் சீலையும் சந்தேகிக்க வேண்டும். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங்கையும் போரையும். என்னுடையது இரண்டாவது வகை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கேஜ் வைத்துப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தது. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டதும், அது ரிங் இடுக்கை அடைக்க, கேஜ் முள் சட்டென ஏறியது. வால்வு கசிந்திருந்தால் முள் அவ்வளவு ஏறியிருக்காது. பிரித்தபோது இரண்டாவது ரிங் தலைகீழாக இருந்தது. விளிம்பு சரிவாகக் கடைந்த அந்த ரிங்கில் 'டாப்' குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே தள்ளும்.

சத்தம் அவ்வளவு பயப்படும்படி இல்லை. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத் துண்டித்து அந்தந்தச் சிலிண்டரின் சுமையை நீக்கியும் குறையாததால், பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங் மீதான சந்தேகம் பெரும்பாலும் நீங்கியது. வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவிலான டேப்பட் இடைவெளியோ, மெல்லிய தகடு செருகி அளக்கும் ஃபீலர் கேஜில் சரியாகவே காட்டியது. ஆனால் தேய்ந்த ராக்கர் முனையில் விழுந்திருந்த சிறு குழியின் மேல் கேஜ் தகடு பாலம்போல் நின்று, உண்மையான இடைவெளியை மறைத்திருந்தது. ராக்கரை மாற்றியதும் சத்தம் அடங்கியது.